திங்கட்கிழமை மழை

அவளை அலுவலகத்தில் எல்லோரும் சக்கரம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. ஆனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். நாற்காலியில் உட்கார்ந்து சேர்ந்தாற்போல் நாலு வரி படித்தவள் கிடையாது. போன் வந்தால் பேசிக்கொண்டே தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பாள். கம்ப்யூட்டர் ஒரு கணக்கை முடிக்க இருபது நிமிடம் எடுத்தால், அந்த இருபது நிமிடத்தில் மூன்று பேர் வேலையைக் கெடுத்துவிட்டு வருவாள். அவள் கணவரோ கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அசைய மாட்டார். இந்த இரண்டு பேருக்கும் சம்பந்தம் பேசி முடித்த புண்ணியவானுக்கு நல்ல குறும்பு இருந்திருக்க வேண்டும்.

அவள் வேலை செய்தது ஒரு மானாவாரி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில். கிணறு இல்லை, கால்வாய் இல்லை, வானம் பார்த்த பூமி. அந்தப் பூமியில் எதை எப்போது விதைத்தால் தேறும் என்று பார்ப்பதற்கே ஓர் அலுவலகம். அங்கே அவள் மாடல் போடுகிறவள். மாடல் என்றதும் பயந்துவிட வேண்டாம். முப்பது வருட மழையையும் வெயிலையும் கம்ப்யூட்டருக்குள் கொட்டி, அதற்குள்ளேயே சோளத்தை விதைத்து, முளைக்க வைத்து, காயவிட்டு, அறுத்தும் பார்ப்பது. அப்புறம் வெயிலை ஒன்றரை டிகிரி ஏற்றி, மழைக்கும் மழைக்கும் நடுவே நாலு நாள் கூட்டி, வரப்போகிற முப்பது வருடத்துக்கும் அதையே திரும்ப விதைத்துப் பார்ப்பது. "உட்கார்ந்த இடத்துல ஆயிரம் அறுவடை பண்ணிட்டா. வீட்டுக்கு இன்னும் ஒரு பிடி சோளம் வரலை" என்பார் கணவர். உட்கார்ந்த இடத்தில் என்று அவர் சொன்னது அபாண்டம்.

படித்துவிட்டு நேராக அந்த நாற்காலிக்கு வந்தவள் அல்ல. பத்தொன்பது வயதில் அதே நிலையத்தில் மழை அளக்கும் வேலையில் சேர்ந்தாள். தினமும் காலை எட்டரைக்கு மைதானத்தில் இருக்கும் மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆறு வருடம் அதைச் செய்துகொண்டே தபாலில் பட்டப்படிப்பு முடித்தாள், பரீட்சை எழுதினாள், மேலே வந்தாள். இப்போது வயது நாற்பத்து மூன்று. நாலு வருடமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டு கட்டிய மாடல் இந்த வருடம்தான் முதல்முறையாக வெளியே போகப் போகிறது. பதினோராயிரம் விவசாயிகளின் போனுக்குப் புதன்கிழமை மாலை நாலு மணிக்குக் குறுஞ்செய்தி போகும் என்று ஏற்பாடு.

மாடல் சொன்ன சேதி சுருக்கமானது. பருவத்தின் முதல் நல்ல மழை விழுந்ததும் இரண்டு நாளுக்குள் விதைத்துவிடு. அடுத்த பத்து நாளுக்குள் இன்னொரு நல்ல மழை வந்து முளையைக் காப்பாற்றும். பத்து வருடத்தில் எட்டு வருடம் அப்படித்தான் நடந்திருக்கிறது. முன்னால் விதைத்தால், கடைசியில் வருகிற வெயிலுக்கு முன்னால் கதிர் முற்றிவிடும். வருடா வருடம் வெயில் முந்திக்கொண்டு வருகிற காலத்தில் அது பெரிய விஷயம்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை பதினாறு மில்லிமீட்டர் பெய்தது. நல்ல மழை. அன்று சாயங்காலமே தம்பி போன் பண்ணிவிட்டான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி அவனுக்குப் பதினோரு ஏக்கர், எல்லாம் வானம் பார்த்தது. "அக்கா, மழை பெஞ்சிருச்சு. உன் பெட்டி என்ன சொல்லுது?" என்றான்.

குறுஞ்செய்தி போகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது அலுவலக விதி. கூடப் பிறந்தவனிடம் விதி என்ன விதி? "நாளைக்கே விதைச்சிடுடா, யோசிக்காதே" என்றாள். பதினோராயிரம் பேருக்கு முன்னால் தன் தம்பிக்குத் தெரிந்ததில் அவளுக்கு ஒரு பெருமை. அவனிடம் இருந்த விதை அந்தப் பதினோரு ஏக்கருக்குச் சரியாக இருந்தது. கருகிப்போனால் திரும்ப விதைக்க ஒரு பிடி கிடையாது. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் பத்தில் எட்டு ஆயிற்றே!

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்தப் படம் அச்சாகி வந்தது. இயக்குநர் வரவேற்பு அறைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்ட படம். முப்பது வருட மழையையும் காலண்டர் மாதிரி போட்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம், மழை அதிகமானால் நீலம் அடர்த்தி. வந்தவர்கள் பார்த்து அசர வேண்டும் என்பது அவர் எண்ணம். சுருளைப் பிரித்துத் தரையில் விரித்த சக்கரம்தான் முதலில் அசந்தாள். நீலத்தின் நடுவே மேலிருந்து கீழே நேராக ஒரு வெள்ளைக் கோடு, தலையில் எடுத்த வகிடு மாதிரி. அதை ஒட்டினாற்போல் வலப்பக்கம் ஒரு கருநீலப் பட்டை. வெள்ளைக் கோடு ஞாயிற்றுக்கிழமை. கருநீலம் திங்கட்கிழமை.

மழைக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது?

அவளுக்குக் காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அது அவள் கைக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் விடுமுறை. விடுமுறையிலும் ஒருவர் வந்து அளக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது; புத்தகம் அலமாரியில் இருந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்ததைத்தான் அவளும் செய்தாள். ஞாயிறு கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, இரண்டு நாள் தண்ணீரையும் திங்கட்கிழமை மொத்தமாக அளந்து திங்கள் கட்டத்தில் எழுதினாள். அதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை. ஒரு சொட்டுக்கூட விட்டுப்போகவில்லையே! மாதக் கடைசியில் கூட்டினால் பைசா சுத்தமாக வரும். அந்த நாளில் அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தானாக அளக்கும் கருவி வந்த பிறகுதான் வகிடு மறைந்திருந்தது. அதற்கு முன்னால் இருபத்தொரு வருடம் பளிச்சென்று இருந்தது. அதில் ஆறு வருடம் அவள் எழுதியது.

எப்படி மறந்தாள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். தன் கையெழுத்தில் இருந்த வரைக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அந்த எண்களை யாரோ தட்டச்சு செய்து, யாரோ சரிபார்த்து, முத்திரை வைத்து, தலைமை அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அச்சில் வந்த எண்ணைப் பார்த்தால் நம்மில் யாருக்குத்தான் மரியாதை வராது? அவளுக்கும் வந்தது.

விஷயம் இதுதான். ஞாயிறு எட்டு மில்லிமீட்டர், திங்கள் ஒன்பது மில்லிமீட்டர் என்று இரண்டு சாதாரணத் தூறல். இரண்டும் வெயிலில் மதியத்துக்குள் ஆவியாகிற தூறல்தான். ஆனால் நோட்டில் திங்கட்கிழமை பதினேழு. மாடல் அதைப் பார்த்து, ஆகா நல்ல மழை, முளை பிழைத்தது என்று எழுதிக்கொண்டது. இப்படி எத்தனை வருடம் கம்ப்யூட்டருக்குள் செத்த பயிரை உயிரோடு கணக்கில் வைத்திருக்கிறாள்? வரப்போகிற முப்பது வருடத்தையும் அதே பொய் மழையை வைத்துத்தான் கட்டியிருக்கிறாள்.

முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் அடித்தாள். எடுத்தது தம்பி மனைவி. "அண்ணி, அவர் போனை சார்ஜ்ல போட்டுட்டு மறந்து போயிட்டார். ஏழு மணிக்கே டிராக்டர் வந்துருச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"யாரையாவது அனுப்பி நிறுத்தச் சொல்லும்மா. நான் சொன்னேன்னு சொல்லு."

"நீங்க சொன்னீங்கன்னுதானே ஆரம்பிச்சிருக்கார்?"

வீட்டுக்கும் நிலத்துக்கும் ஐந்து கிலோமீட்டர். அந்தப் பக்கம் யாராவது போனால் சொல்லி அனுப்புகிறேன் என்றாள் பாவம், அவளால் வேறென்ன சொல்ல முடியும்?

சக்கரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். கால் ஓடிக்கொண்டேதான் இருந்தது. உடனே கிளம்பிவிடலாம்தான். ஆனால் நாலு மணிக்குப் பதினோராயிரம் பேருக்குச் சேதி போய்விடும். வெறும் வாயை வைத்துக்கொண்டு அதை நிறுத்த முடியாது. சந்தேகத்துக்கிடமான திங்கட்கிழமைகளையெல்லாம் இரண்டாகப் பிரித்துப் போட்டு மாடலை மறுபடி ஓடவிட்டாள். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் தம்பி அரை ஏக்கருக்கு மேல் விதைத்திருப்பான். தண்ணீர்க் குழாய் வரை போனாள், வந்தாள். மாடிப்படி ஏறினாள், இறங்கினாள். குட்டி போட்ட பூனைகூட நடுவில் ஒரு தடவை உட்காரும். கணக்கு முடிந்து திரையில் எண் விழுந்தது. பத்தில் எட்டு இல்லை. பத்தில் நாலு. வரப்போகிற வருடங்களில் பத்தில் மூன்று.

இயக்குநர் கெட்டவர் இல்லை. பயந்தவர். படத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொத்த மழை மாறலையே மேடம்? வருஷக் கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு சாப்பிட்டீங்கன்னு பார்த்தா நீங்களும் நானும்கூட நல்லாத்தான் இருப்போம் சார். ஞாயித்துக்கிழமை பட்டினி போட்டுட்டு திங்கட்கிழமை சேர்த்து ஊட்டினா ஒத்துக்குவீங்களா? பயிர் தினமும் குடிக்குது சார்."

"ஞாயித்துக்கிழமை அளக்கலைன்னு உங்களுக்கு யார் சொன்னா? ஆதாரம் வேணாமா?"

"அளக்காதது நான்தான் சார்."

அவர் முகம் செத்துப்போனது. மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது, நாலு வருட உழைப்பு, மந்திரி அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டது என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "என் பேரைப் போட்டுக்கங்க. என் தப்புன்னே எழுதுங்க. ஆனா அந்தச் சேதி போகக்கூடாது" என்றாள். கடைசியில் அவர், இரண்டாவது மழை வரும்வரை பொறுத்திருங்கள் என்று ஒரு வரியாகச் சேதியை மாற்றச் சம்மதித்தார். அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் தட்டச்சாக ஆரம்பித்தது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை.

கணவர் கடையை அப்படியே பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். ஆனால் அவர் ஓட்டுகிற வேகம் இருக்கிறதே! பின்னால் உட்கார்ந்தவள் அவர் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

"அந்த லாரியை முந்துங்களேன்."

"முந்தலாம். அதுக்கு முன்னாடி அந்த லாரி நிக்கணும்."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. அங்க விதை மண்ணுக்குள்ள போய்க்கிட்டு இருக்கு."

"தெரியுதும்மா" என்றார் அவர், இந்த முறை கேலி இல்லாமல். ஆக்ஸிலேட்டரைத் திருகினார்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தூரத்தில் டிராக்டர் விதைப்புக் கருவியை இழுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. ஏழு ஏக்கர் முடிந்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உழுத மண்ணில் விழுந்தடித்து ஓடி, டிராக்டருக்கு முன்னால் போய் நின்றாள். டிராக்டர்காரர் பிரேக்கை மிதித்து, வாய்க்குள் ஏதோ திட்டினார். தம்பி பின்னாலிருந்து குதித்து வந்தான். முகமெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா, மாமாவையும் இழுத்துக்கிட்டு திடீர்னு? சாப்பிட்டீங்களா?"

"நிறுத்துடா. போதும். மிச்சத்தை விதைக்காதே."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். வகிடு, திங்கட்கிழமை, எட்டு, நாலு. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"உன் பேச்சைக் கேட்டுத்தானே விதைச்சேன்? இப்ப உன் பேச்சைக் கேட்டே நிறுத்தணுமா?"

"ஆமாடா."

"நேத்து சொன்னதும் இதே வாய்தானே?"

"இதே வாய்தான்."

"நேத்து எட்டு, இன்னைக்கு நாலு. நாளைக்கு என்ன சொல்லுவ? அக்கா, நான் பத்து வருஷத்துக்கா விதைக்கறேன்? இந்த ஒரு வருஷத்துக்கு விதைக்கறேன். மழை வரும், இல்ல வராது. பத்துல நாலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

சரியான கேள்வி. அந்த அலுவலகத்தில் யாரும் கேட்காத கேள்வி. டிராக்டர்காரர் இன்ஜினை உறுமவிட்டபடியே, "ஓட்டவா, வேணாமா? ஒரு முடிவு சொல்லுங்க. எனக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு" என்றார்.

தம்பி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அளக்கறதுதானே உனக்கு வேலை? ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் அளக்கலை?" என்றான். குரலில் கோபம்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமைதானேடா அம்மாவைக் குளிப்பாட்ட வருவேன்."

அம்மா நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். வாரம் முழுக்க அப்பா பார்த்துக்கொள்வார். தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டித் துணி மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை, அவள் சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்தால்தான் உண்டு. பத்து வயதுத் தம்பி வாளி வாளியாக வெந்நீர் சுமந்து ஊற்றியிருக்கிறான். அக்கா அன்றைக்கு எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

தம்பி டிராக்டர் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி, "அண்ணே, அணைச்சிடுங்க" என்றான். பத்தில் நாலுக்காக அவன் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அநியாயம்.

சனிக்கிழமை மழை பெய்தது. சும்மா இல்லை, ஊற்றித் தள்ளியது. நாற்பத்தொரு மில்லிமீட்டர், கருவி அளந்தது. தம்பியின் ஏழு ஏக்கரும் ஒரு வாரத்தில் குப்பென்று எழுந்து நின்றன. விதைக்காத நாலு ஏக்கர் களிமண் குழம்பிப் போய், பன்னிரண்டு நாள் டிராக்டரை உள்ளே விடவில்லை. தாமதமாக விதைத்தான். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வெயில் தூக்கி அடித்தது. பத்தில் நாலு என்றாளே, அந்த நாலில் ஒன்றாக இந்த வருடம் போய் உட்கார்ந்துகொண்டது.

அலுவலகத்துக்கு வந்த போன்களைக் கேட்க வேண்டுமே! பொறுத்திரு என்று சொல்லிக் கெடுத்துவிட்டீர்களே என்று திட்டாதவர் இல்லை. இயக்குநர் எல்லா போனையும் அவள் மேஜைக்குத் திருப்பிவிட்டார். நடந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பக்கத்து வட்டாரத்தில் அந்தச் சனிக்கிழமை மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே சேதியைக் கேட்டு விதையை மூட்டையிலேயே வைத்திருந்து, அதிலிருந்து பத்து நாள் கழித்து நல்ல மழைக்கு விதைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் போன் பண்ணவில்லை. கருகாத பயிருக்கு யார் நன்றி சொல்வார்கள்? அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதும், பாதியில் எழுந்து போய்த் திரும்ப வருவதுமாக அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரியாகச் செய்தோம் என்று தெரிந்தும் ஏன் இப்படி நெஞ்சை அறுக்கிறது என்று கணவரிடம் கேட்டாள். "சரியா செஞ்சதால நல்லது நடக்கணும்னு நீயா ஒரு மாடல் போட்டு வச்சிருக்கே" என்றார் அவர்.

அறுவடைக்குப் போனாள். போகாமல் இருக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை. களத்தில் இரண்டு குவியல். ஏழு ஏக்கர்க் குவியல் ஆள் உயரத்துக்கு, மணி மணியாக. நாலு ஏக்கர்க் குவியல் முழங்கால் அளவு, அதிலும் பாதி பதர். அவள் குனிந்து அந்தச் சின்னக் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி ஊதினாள். பாதிக்கு மேல் பறந்துபோயிற்று.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "உன் தப்பு ஏழு ஏக்கரைக் குடுத்துச்சு. உன் சரி நாலு ஏக்கரைத் தின்னுடுச்சு. இப்ப நான் எதைக்கா நம்பறது?"

கேலியாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் கேலியாக இல்லை. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக்கூட இல்லை.

"தெரியலைடா. ஆனா அடுத்த வருஷம் இதே மாதிரி முதல் மழை பெஞ்சா, அப்பவும் பொறுடான்னுதான் சொல்லுவேன். நீ அடிச்சாலும் அதைத்தான் சொல்லுவேன்."

அவன் அவள் கையில் மிச்சமிருந்த பதரைத் தட்டிவிட்டு, பெரிய குவியலிலிருந்து ஒரு பை நிறைய அள்ளிக் கட்டி அவள் தோளில் மாட்டினான்.

"சொல்லு" என்றான். "திட்டிக்கிட்டே கேக்கறேன்."